மலையில் அணையும் லாரி: டியூபா, கேனா, கேஜா, ஸ்கேனரா?

செங்கோட்டை வரை நன்றாக ஓடிய லோடு வண்டி, புளியரை எஸ் வளைவில் மூச்சு வாங்க ஆரம்பித்து, கோட்டைவாசல் போய்ச் சேருவதற்குள் அணைந்துவிடும். பத்து நிமிடம் நிறுத்தினால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். எல்லை தாண்டி ஆரியங்காவு இறக்கத்தில் ஒரு குறையும் தெரியாது. பட்டறைக்குப் போனால் டீசல் ஃபில்டர் மாற்றுவார்கள். அடுத்து, இன்ஜெக்டருக்கு அழுத்தத்தில் டீசல் தள்ளும் ஹை பிரஷர் பம்ப்பைக் கழற்றச் சொல்வார்கள். பம்ப்பில் கை வைக்குமுன் செய்யக்கூடிய சோதனைகள் நான்கு. நான்கும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதில்லை.

முதலில் டிரைவரிடம் கேட்க வேண்டியது, வண்டி எப்படி அணைந்தது என்பதை. இழுவை குறைந்து, குலுங்கி, தள்ளாடி நின்றால் டீசல் பக்கம். சாவியைத் திருப்பியதுபோல ஒரே வெட்டில் நின்றால் கரண்ட் பக்கம்: எஞ்சின் சுற்றுவதை அளக்கும் கிராங்க் சென்சார், ரிலே, உரசித் தேய்ந்த வயர். பழைய வண்டியென்றால், டீசலை வெட்டி எஞ்சினை அணைக்கும் ஸ்டாப் சோலினாய்டு. கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே ஆர்பிஎம் முள் பூஜ்யத்துக்கு விழுந்தால் சென்சார் மேல்தான் முதல் சந்தேகம். சூட்டில் செத்து, ஆறியதும் பிழைப்பது அதன் குணம்.

டியூப். செலவு மிகக் குறைவு. டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செபரேட்டருக்கும், டேங்க்கிலிருந்து டீசலை உறிஞ்சும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவில், டீசல் தாங்கும், உள்ளே தெரியும் ஒரு முழ பிளாஸ்டிக் டியூபைக் கிளிப் போட்டு மாட்டி, 1500 ஆர்பிஎம்மில் ஐந்து நிமிடம் பார்க்க வேண்டும். ஃபில்டர் மாற்றிய புதிதில் நாலைந்து குமிழி வந்து நின்றால் கவலையில்லை. விடாமல் வந்தால் அதற்கு முன்னால் எங்கோ ஏர் எடுக்கிறது. சக்ஷன் பக்கத்தில் ஓட்டை இருந்தால், ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் கீழே ஈரம் தேடிப் பயனில்லை. வழக்கமான இடங்கள்: மறுபடி மறுபடி போட்ட காப்பர் வாஷர், செபரேட்டர் ஓ-ரிங், வெடித்த ஹோஸ். இங்கே குமிழி இல்லாமல் ஃபீட் பம்ப்புக்குப் பின்னால் மட்டும் வந்தால், பம்ப் சீலையும் அதிலுள்ள கை பிரைமரையும் பாருங்கள். டியூபின் குறை, அடைப்பைக் காட்டாது என்பது.

கேன். டேங்க்கைச் சந்தேகப்பட இதைவிட நல்ல வழி இல்லை. 20 லிட்டர் கேனில் சுத்தமான டீசல் ஊற்றி, செபரேட்டருக்குப் போகும் லைனை அதில் விட்டு, சைலன்சர் சூடு படாத இடத்தில் இறுகக் கட்டி, அதே மலையில் ஏற்றுங்கள். அணையாவிட்டால் குற்றம் டேங்க்கில் அல்லது டேங்க் லைனில். இதில் இரண்டு தப்பு நடக்கும். கேனை உயரத்தில் வைத்தால் டீசல் தானாக இறங்கி, ஃபீட் பம்ப்பின் சோம்பலை மறைத்துவிடும். டேங்க் மட்டத்தில்தான் இருக்க வேண்டும். மிச்ச டீசல் திரும்பும் ரிட்டர்ன் லைனையும் கேனுக்கே திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் காமன் ரெயில் வண்டி (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) சீக்கிரமே கேனைக் காலி செய்து, டேங்க்கை நிரப்பிக்கொண்டிருக்கும்.

டேங்க் என்று முடிவானால், அணைந்த விதமே வழி காட்டும். பத்து நிமிடம் நிறுத்தியதும் சரியாகிறதா? உறிஞ்சு குழாயின் சல்லடையில் பாசியோ துணிநூலோ ஒட்டியிருக்கும். உறிஞ்சல் நின்றதும் அது உதிர்ந்து விழும், திரும்ப ஏறியதும் ஒட்டும். மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளே போய், உடனே வண்டி இழுக்கிறதா? டேங்க்குக்குக் காற்று விடும் பிரீதரில் அடைப்பு. டேங்க் நிறைய இருக்கும்போது சரி, பாதிக்குக் கீழே போனால் மட்டும் தகராறா? உறிஞ்சு குழாய் மேல்பக்கம் விரிசல் விட்டிருக்கும். மழைக்காலத்தில் அரை டேங்க்கோடு இரவெல்லாம் நிற்கும் வண்டியில் ஈரம் வியர்த்துத் தண்ணீர் சேரும். பாசிக்கு விதை அதுதான்.

கேஜ். அடைப்பைக் கண்டுபிடிக்க இதுதான். ஃபீட் பம்ப் இன்லெட்டில் வேக்குவம் கேஜ் மாட்டி, லோடோடு ஏற்றிப் பார்க்க வேண்டும். நின்ற இடத்தில் ரேஸ் கொடுத்துப் பார்ப்பது அரை சோதனை. அளவு எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், கம்பெனி மேனுவல் சொல்வதே கணக்கு. பொதுவாகப் பாதரச அளவில் 10 இஞ்சைத் தாண்டினால் வழியில் அடைப்பு உண்டு. முள் ஏறாமலேயே இழுவை போனால், ஃபீட் பம்ப் அல்லது ஏர்.

ஸ்கேனர். எஞ்சின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி. காமன் ரெயிலில் இது இல்லாமல் முடியாது, ஆனால் முதல் சாட்சியாக நம்பக்கூடாது. ரெயில் பிரஷர் குறைவு என்று எஸ்பிஎன் 157 என்ற கோளாறு எண் வந்தால், அது விளைவு. காரணம் இரண்டு ரூபாய் வாஷராகவும் இருக்கலாம். அதன் உண்மையான பலன் லைவ் டேட்டாவில்: கம்ப்யூட்டர் கேட்ட பிரஷரும் கிடைத்த பிரஷரும் எந்த நொடியில் பிரிகின்றன என்று ஏற்றத்தில் பதிவு செய்யலாம். பிஎஸ்6 வண்டியில் இன்னொரு உபயோகம் உண்டு. புகையைச் சுத்தம் செய்யும் யூரியாவில் கோளாறு வந்து, கம்ப்யூட்டர் இழுவையைக் குறைத்ததை டீசல் கோளாறென்று நினைத்து ஃபில்டர் மாற்றுகிற வேலை மிச்சமாகும்.

டியூப், கேன், கேஜ் மூன்றும் சுத்தமென்றால்தான் ஹை பிரஷர் பம்ப், அதற்குள் போகும் டீசலை அளந்துவிடும் மீட்டரிங் வால்வு, இன்ஜெக்டர் ரிட்டர்ன் அளவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பழைய இன்லைன் பம்ப்பில் ஐடிலில் நாசில் பைப் நட்டைத் தளர்த்திப் பார்க்கும் பழக்கத்தைக் காமன் ரெயிலில் செய்யவே கூடாது. 1600 பார் பிரஷரில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். ரிட்டர்ன் குழாய்களை மட்டும் கழற்றி, ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் ஒரு பாட்டில் கட்டி அளந்தால் போதும். எந்தப் பாட்டில் மற்றவற்றைவிட வேகமாக நிரம்புகிறதோ, அந்த இன்ஜெக்டர்.