வெள்ளைப் பெயின்ட் அடித்த பழைய ஹோபி கேட்: மொரீஷியஸில் வாங்கும் முன் படித்துவிடுங்கள்

மொரீஷியஸில் முதல்முறையாக ஒரு சின்ன கேட்டமரன் (இரட்டை உடல் கொண்ட பாய்மரப் படகு) வாங்கத் தேடிக்கொண்டிருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். வடக்குக் கடற்கரையில் ஒரு ஷெட்டில், ஹோட்டல்கள் கழித்துப் போட்ட படகுகளுக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்து, "ஒரே ஓனர், வார இறுதியில் மட்டும் ஓட்டியது" என்று விற்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் விற்றார்கள். ஒரு லட்சத்து நாற்பதாயிரம் மொரீஷியஸ் ரூபாய் போயிற்று. விற்றவர் நம் தென்மாவட்டத்துக்காரர். விவகாரம் இப்போது வக்கீலிடம் இருப்பதால் பெயரையும் கடையையும் இங்கே எழுதவில்லை.

ஹோபி 16 வாங்க வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. இந்தத் தீவைப் பெரும்பாலும் பவளப்பாறை சுற்றி வளைத்திருக்கிறது. பாறைக்கு உள்ளே பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்தான். அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகை உள்ள படகு இங்கே சரிப்படாது. ஹோபி 16 கலிஃபோர்னியாவில் ஹோபி ஆல்டர் உருவாக்கிய படகு. மணலிலிருந்தே தள்ளி அலைக்குள் இறக்குவதற்காகச் செய்தது. ஐந்து மீட்டர் நீளம், சுமார் 145 கிலோ எடை. அடிப்பலகை கிடையாது, சுக்கான் தரை தட்டினால் தானாக மேலே எழும்பிக்கொள்ளும். கவிழ்ந்தால் நிமிர்த்தப் பொதுவாக இரண்டு பேர் எடை வேண்டும், அது ஒன்றுதான் சங்கடம். தனியாக ஓட்டுபவர்களுக்கு ஹோபி 14 போதும். பிளாஸ்டிக்கில் வார்த்த ஹோபி கெட்அவே, ஹோபி வேவ் போன்றவை வேகம் குறைந்தவை. ஆனால் நான் சொல்லப்போகும் நோய் அவற்றுக்கு வராது. இன்றைக்கு யாராவது என்னிடம் கேட்டால் பிளாஸ்டிக் படகைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

அந்த நோய் இதுதான். ஹோபி 16-இன் உடல் இரண்டு மெல்லிய ஃபைபர் தோல்களுக்கு நடுவே ஃபோம் வைத்துச் செய்தது. வருஷக்கணக்கில் வெயிலும் தண்ணீரும் பட்டால் தோல் ஃபோமை விட்டுப் பிரிந்துவிடும். பாய்மரம் நிற்பது முன் குறுக்குச் சட்டத்தின் மேல். அந்தச் சட்டத்தின் கால்கள் இறங்கும் இடத்தைச் சுற்றி, முக்கியமாக அதற்கு முன்னால் இருக்கும் மேல்தளத்தில், பாரம் அதிகம் விழுகிறது. பிரிவது பெரும்பாலும் அங்கேதான். ஹோட்டல் படகு நாள் முழுக்க வெயிலில் கிடக்கும், பழக்கமில்லாத கைகளில் ஓடும், மணலில் இழுபடும். அதனால் அடிவளைவும் தேய்ந்துபோகும்.

ஷெட்டில் பார்த்தபோது படகு பளபளவென்று இருந்தது. இரண்டு உடலுக்கும் நடுவே இழுத்துக் கட்டும் டிராம்போலின் துணி புதுசு, கயிறெல்லாம் புதுசு. "எதுக்கு அண்ணாச்சி முழுசாப் பெயின்ட் அடிச்சிருக்கு?" என்று கேட்டேன். "வெயில்ல கலர் மங்கிப் போச்சு தம்பி, பாக்க நல்லா இருக்கட்டுமேன்னு அடிச்சோம். நம்ம ஊர்ப் பையன்கிட்டப் பொய் சொல்லி நான் என்னத்தக் கட்டிக்கிட்டுப் போகப் போறேன்?" என்றார். மேல்தளத்தில் ஏறி நின்று பார்க்கக் கேட்டதற்கு, பெயின்ட் இன்னும் முழுசாக இறுகவில்லை, கால் தடம் விழுந்துவிடும் என்று தடுத்தார். கடலில் இறக்கி ஓட்டிக் காட்டினார், ஆனால் விடிகாலையில். வடமேற்குக் கரை தென்கிழக்குக் காற்றுக்கு மறைவான பக்கம். அந்த நேரத்தில் அங்கே இலை அசையாது. செத்துப்போன படகுகூட அந்தக் காற்றில் ஓடும். அவருக்கு அது தெரியும்.

பதிவுத் தாள் கேட்டேன். பெயர் மாற்ற மனு கொடுத்திருக்கிறது, வந்ததும் தருகிறேன் என்றார். பாதித் தொகையை ரொக்கமாகத்தான் வாங்கிக்கொண்டார். ரசீதில் பிரெஞ்சில் ஒரு வரி, உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது என்று.

படகைத் தென்கிழக்குக் கரையில் இருக்கும் மாயபூர் (Mahébourg) பக்கம் கொண்டுவந்தோம். மே முதல் அக்டோபர் வரை அந்தக் கரையில் தென்கிழக்குக் காற்று முகத்தில் அறையும். நல்ல காற்றில் முதன்முதலாகப் பாயை இழுத்துக் கட்டியதும் காற்று மறைவுப் பக்கத்து உடலிலிருந்து கரகரவென்று சத்தம் வந்தது. குறுக்குச் சட்டத்தின் காலடியில் பெயின்ட் முடி முடியாக வெடித்திருந்தது. ஒவ்வொரு அலைக்கும் அந்த இடம் உள்ளே போய் வெளியே வந்தது. அணியம் (படகின் முன்முனை) தாழ ஆரம்பித்ததும் பாயைத் தளர்த்திக் கரைக்குத் திரும்பிவிட்டோம். அன்றைக்கு என்னோடு படகில் இருந்தது என் மச்சானின் பதினான்கு வயது மகன். பவளப்பாறையின் இடைவெளியைத் தாண்டி வெளிக்கடலுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் அடங்கவில்லை.

கரையில் பின்முனை அடைப்பானைக் கழற்றினோம். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. மேல்தளத்தைக் கட்டை விரலால் அமுக்கினால் விரல் உள்ளே போயிற்று. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். வெள்ளைக்குக் கீழே மஞ்சள், மஞ்சளுக்குக் கீழே நீலம். நீலத்தின் மேல் கையகலத்தில் 7 என்ற எண். ஹோட்டல்கள் வாடகைப் படகுக்குப் போடும் எண். சட்டத்தின் காலடியைச் சுற்றி வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள், எல்லாம் புட்டியால் (ஓட்டை அடைக்கும் பூச்சுப் பசை) அடைத்தவை. தோல் பிரிந்த இடத்தில் இப்படித் துளை போட்டு, ஒட்டவைக்கும் பசையான ரெசினைச் செலுத்திப் பார்ப்பது வழக்கம். ஆகவே நோய் இருப்பது தெரிந்து, வைத்தியமும் பார்த்து, அது பலிக்காததும் தெரிந்து, மேலே பெயின்ட் அடித்து விற்றிருக்கிறார்கள். வலப்பக்க உடலின் பின்முனையில் படகு எண் பொறித்திருக்க வேண்டும், அதன் கடைசி இரண்டு இலக்கம் மாடல் ஆண்டு. அந்த இடத்தை அரம் போட்டு ராவியிருந்தார்கள்.

போன் செய்தேன். "பழசத்தானே தம்பி வாங்குன? பழசுன்னா அப்பிடி இப்பிடித்தான் இருக்கும்." அதற்குப் பிறகு என் நம்பரை எடுக்கவே இல்லை. ஃபைபர் வேலை தெரிந்த ஒருவரிடம் காட்டினேன். சரிசெய்யும் செலவு படகு விலையைத் தாண்டும், செய்தாலும் உத்தரவாதம் தர முடியாது என்று கையை விரித்துவிட்டார்.

நீங்கள் பார்க்கப் போகும்போது, முழு உடலுக்கும் புதுப் பெயின்ட் அடித்திருந்தாலே காரணத்தைத் தோண்டிக் கேளுங்கள். மேல்தளம் முழுக்க விரலால் அமுக்குங்கள், நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் டக் டக் என்று சொல்லும், பிரிந்த இடம் தொப் தொப் என்று மொத்தையாகக் கேட்கும். தொட விடவில்லை என்றால் அத்தோடு திரும்பி வந்துவிடுங்கள். இரண்டு அணியத்தையும் தனித்தனியே தூக்கிப் பாருங்கள். ஒன்று கனத்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது. அடைப்பான் துளை வழியே வாயால் ஊதிக்கொண்டு மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் கசிவு குமிழியாகத் தெரியும். கம்ப்ரஸர் மட்டும் வேண்டாம், உடல் பிளந்துவிடும். பாய்மரத்தைப் பிடித்திருக்கும் எஃகு வயர்களில் ஒரு இழை அறுந்திருந்தாலும் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். பாய்மரத்தைக் குலுக்கினால் தண்ணீர்ச் சத்தம் வரக் கூடாது. உள்ளே தண்ணீர் புகும் பாய்மரம், கவிழ்ந்தால் படகைத் தலைகீழாகவே நிறுத்திவிடும். ஓட்டிப் பார்ப்பதென்றால் மத்தியானக் காற்றில் பாருங்கள்.

தாள் விஷயம். உல்லாசப் படகுகளின் பதிவும் உரிமமும் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி சுற்றுலா ஆணையத்தின் பொறுப்பு. விற்பவர் பெயரும் தாளில் இருக்கும் பெயரும் ஒன்றுதானா என்று அங்கே கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.

ரசீதில் உள்ளது உள்ளபடி என்று எழுதிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று அவர் நினைக்கிறார். வக்கீல் அப்படிச் சொல்லவில்லை. இங்கே குடிமைச் சட்டம் பிரெஞ்சு வழி வந்தது. பொருளில் மறைந்திருக்கும் குறைக்கு விற்றவர் பொறுப்பு, குறை தெரிந்தே விற்றவருக்கு அந்த வரி கைகொடுக்காது என்றார். புட்டி அடைத்த ஓட்டைகளையும், ராவிய எண்ணையும், மூன்று அடுக்குப் பெயின்டையும் அளவுகோல் வைத்துப் படம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். நோட்டீஸ் போய்விட்டது. நீங்களும் ஏமாந்திருந்தால் பெயின்டை முழுசாகச் சுரண்டிவிடாதீர்கள். அதுதான் சாட்சி.

நான் பணம் கட்டிய அன்று அதே ஷெட்டின் பின்பக்கம் இன்னும் இரண்டு நீலப் படகுகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள், பக்கத்தில் வெள்ளைப் பெயின்ட் டின்கள் இருந்தன. அவை இப்போது விற்பனைக்கு வந்திருக்கும். வெள்ளை உடல், புது டிராம்போலின், பின்முனையில் எண் இல்லை என்றால், எந்த அண்ணாச்சி என்ன சத்தியம் செய்தாலும் முன்பணம் கொடுக்காதீர்கள்.