சாம்பல் பூனைகள் நான்கு: முகத்தில் எங்கே பார்ப்பது?

சாம்பல் நிறத்தில் ஒரு பூனை கண்ணில் பட்டால் போதும், "இது ரஷ்யன் ப்ளூதானே?" என்று படத்தோடு கேள்வி வந்து விழும். படத்தைப் பார்த்து இனம் சொல்லும் கைப்பேசிச் செயலியில் போட்டுப் பார்த்தவர்கள், "பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர்னும் சொல்லுதே" என்று இன்னொன்றையும் சேர்ப்பார்கள். நிறத்தில் தொடங்கினால் இப்படித்தான் ஆகும். கறுப்பை வெளிறச் செய்யும் ஒரு மரபணு தாய், தந்தை இரு வழியிலும் வந்து சேர்ந்தால் குட்டி சாம்பலாகப் பிறக்கும். வளர்ப்பவர்கள் 'ப்ளூ' என்பது இதைத்தான். நம் தெருப் பூனைகளிடமும் அது தாராளமாக உண்டு.

ஆனால் முகம் பார்க்கப் பழகுவதற்கு இந்தச் சாம்பல் கூட்டத்தைவிட நல்ல பாடம் கிடையாது. பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர் ப்ளூ, பிரான்சின் ஷார்த்ரூ, ரஷ்யன் ப்ளூ, தாய்லாந்தின் கோராட் நான்கும் ஒரே நிறம். மிச்சம் இருப்பது முகம் மட்டும்தான்.

முதலில் கண். வளர்ந்த பிரிட்டிஷ் ப்ளூவுக்கும் ஷார்த்ரூவுக்கும் செம்பு அல்லது பொன் நிறக் கண். ரஷ்யனுக்கும் கோராட்டுக்கும் பச்சை. நான்கு இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஆனாலும் கண்ணை மட்டும் நம்பி முடிவுக்கு வராதீர்கள். குட்டிகள் எல்லாமே நீலக் கண்ணோடுதான் விழிக்கின்றன. கோராட்டின் கண் இளவயதில் மஞ்சளாக இருந்து, பச்சையாகி நிலைக்க 2 முதல் 4 வருடம்கூட ஆகலாம். போதாததற்கு, மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் பச்சையும் மஞ்சளாகத் தெரியும்.

செம்புக் கண் ஜோடியில்தான் சண்டை அதிகம். இரண்டும் கொழுத்த கன்னக்காரர்கள். 1970இல் ஐரோப்பியப் பூனைச் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபிஃபே, இரண்டையும் ஒரே இனம் என்று சேர்த்தே விட்டது. எதிர்ப்பு கிளம்பி, 1977இல் மறுபடி பிரித்தார்கள். நிபுணர்களே தடுமாறிய இடம் இது என்பதால் நாம் வெட்கப்பட வேண்டியதில்லை.

வித்தியாசம் கன்னத்துக்குக் கீழே இருக்கிறது. பிரிட்டிஷ் பூனையின் முகம் எங்கே தொட்டாலும் வட்டம்: வட்டத் தலை, பெரிய வட்டக் கண், நுனி மழுங்கிய சின்னக் காது, மீசை முளைக்கும் இடத்திலும் உருண்ட சதை. காதுகள் ஒன்றுக்கொன்று விலகி, தலையின் வளைவோடு ஒட்டிப் போகும். பக்கவாட்டில் பார்த்தால், அகலமான குட்டை மூக்கு தொடங்கும் இடத்தில் மெல்லிய பள்ளம் தெரியும். உலகப் போர்களால் எண்ணிக்கை குறைந்தபோது பெர்ஷியனோடு கலந்து இந்த இனத்தை மீட்டார்கள். அந்த வட்டத்தில் பெர்ஷியனின் பங்கும் உண்டு.

ஷார்த்ரூவின் கன்னமும் அகலம்தான். ஆனால் அதிலிருந்து மூக்கும் வாயும் சட்டென்று குறுகி, சிறியதாக முடியும். அந்தக் குறுகலால் வாயோரம் மேலே வளைந்து, எப்போதும் லேசாகச் சிரிப்பது போல ஒரு தோற்றம். காதுகள் தலையில் உயரத்தில் நிமிர்ந்து நிற்கும். மூக்குத்தண்டு நேர். பெரிய உடலுக்கு மெலிந்த கால்கள் என்பதால் இதன் ரசிகர்களே 'பல்குச்சியில் குத்திய உருளைக்கிழங்கு' என்று கேலி செய்வார்கள். பிரான்சின் அதிபராக இருந்த சார்ல் து கோல் வளர்த்தது இந்த இனம்தான். இங்கே அவ்வளவு அபூர்வம் என்பதால், நம் ஊரில் யாராவது ஷார்த்ரூ விற்பதாகச் சொன்னால் நான் முதலில் சிரிப்பேன், பிறகுதான் படத்தைப் பார்ப்பேன்.

பச்சைக் கண் ஜோடியைப் பிரிப்பது எளிது, எங்கே நின்று பார்ப்பது என்று தெரிந்தால். கோராட்டை நேருக்கு நேர் பார்க்க வேண்டும். புருவ மேடுகள் இரண்டும் இதயச் சின்னத்தின் மேல் வளைவுகளாக, கன்னக் கோடுகள் இறங்கி முகவாயில் கூடும். முகத்துக்கு மீறிய பெரிய கண் வேறு. தாய்லாந்தில் இதை அதிர்ஷ்டப் பூனை என்று மணப்பெண்ணுக்குச் சீராகக் கொடுக்கும் வழக்கம் உண்டு. ரஷ்யனைப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். உச்சந்தலை தட்டையாக வந்து, கண்ணுக்குச் சற்று மேலே கோணம் மாறி, அங்கிருந்து மூக்கு நுனிவரை ஒரே நேர்கோடு. பள்ளம் இருந்தால் ரஷ்யன் இல்லை. காது பெரியது, அடி அகலம், தோல் மெல்லியது. வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால் ஊடுருவித் தெரியும்.

நால்வரில் தெருப் பூனையோடு அதிகம் குழம்புவதும் இந்த ரஷ்யன்தான். பிரிட்டிஷ் வட்டமோ கோராட் இதயமோ தெருவில் தற்செயலாக அமைவது அபூர்வம். ஒடுங்கிய முகமும் பச்சை சாயலுள்ள கண்ணும் எந்தத் தெருவிலும் உண்டு. அதனால் இரண்டு இடத்தைத் துழாவுங்கள். மூக்குத்தண்டில் விரலை ஓட்டினால் கண்ணுக்கு நடுவே சிறு குழிவு தட்டுப்படுகிறதா? தாடைக்குக் கீழே, கழுத்தில் ஒரு துளி வெள்ளை முடி இருக்கிறதா? வெள்ளை இருந்தால் கண்காட்சி விதிப்படி நான்கு இனத்திலிருந்தும் வெளியேற்றம்.

கடுவன்களிடம் கூடுதல் கவனம் தேவை. கருத்தடை செய்யாத கடுவனுக்கு வயதாக ஆகக் கன்னம் தடித்துத் தொங்கும். பக்கத்துத் தெருச் சாம்பல் கடுவன் நாலு வயதில் பிரிட்டிஷ் போலத் தெரிவதன் ரகசியம் அதுதான். காதைப் பாருங்கள், கன்னம் ஏமாற்றும், காது ஏமாற்றாது.

படம் எடுப்பதிலும் ஏமாற்று இருக்கிறது. கைப்பேசியை மூக்கருகே நீட்டினால் மூக்கு பெரிதாகி, காது சிறுத்து, எந்தப் பூனையும் உருண்டை முகமாகிவிடும். இரண்டடிக்கு மேல் தள்ளி, பூனையின் கண் மட்டத்தில், பகல் வெளிச்சத்தில் நேரே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று எடுங்கள். செயலிக்குக் கொடுத்தாலும் இந்த இரண்டையும் கொடுங்கள்.

இவ்வளவு பார்த்தும் முகம் சொல்வது பெரும்பாலும் 'இது அந்த இனம் இல்லை' என்பதை மட்டுமே. 'இதுதான்' என்று சொல்லப் பரம்பரைச் சான்று வேண்டும்: சிஎஃப்ஏ, டிஐசிஏ, ஃபிஃபே, ஜிசிசிஎஃப் போன்ற பூனைப் பதிவு அமைப்புகளில் ஏதோ ஒன்றின் பதிவு. குட்டி வாங்கப் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இரண்டு மாதக் குட்டிக்கு இந்த நான்கில் எந்த இனமானாலும் பெரும்பாலும் உருண்டை முகமும் குட்டை மூக்கும்தான். குட்டியை உற்றுப் பார்ப்பதில் பயனில்லை. தாயையும் தகப்பனையும் பக்கவாட்டில் எடுத்த படம் கேளுங்கள். தர மறுத்தால் நாட்டுப் பூனைக்கு என்ன விலையோ அதற்கு மேல் பேசாதீர்கள்.