45 வாட்டுக்குள் அடைபட்ட மடிக்கணினி

2019ஆம் ஆண்டின் இறுதியில் நான் வாங்கிய விளையாட்டு மடிக்கணினியின் அதே வகை, இப்போது பழைய பொருளாக மலிவு விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா அண்ணா என்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் சித்தி மகன் கேட்டிருக்கிறான். திரை எப்படி, நினைவகம் எவ்வளவு என்பனவெல்லாம் அவனுக்குத் தெரியும். அவன் பார்த்த விளம்பரத்தில் இல்லாதது ஒன்றுதான்: இந்தக் கணினி தன் செயலியைத் தானே கழுத்தைப் பிடித்து அடக்கும் விதம். இத்தனை ஆண்டுகளில் என் பொறுமையைச் சோதித்ததும் அதுவே.

உள்ளே இருப்பது ஐ7-9750எச் செயலி. ஆறு கோர்கள் (தனித்தனியே கணக்கிடும் அலகுகள்), பன்னிரண்டு திரெட்கள், அடிப்படை வேகம் 2.6 கிகாஹெர்ட்ஸ், உச்சம் 4.5, அறிவிக்கப்பட்ட மின்திறன் 45 வாட்டு. ஆறு கோர்களும் ஒன்றாக உழைக்கும்போது 4.0 கிகாஹெர்ட்ஸ் வரை ஓட வேண்டியது இது. விளையாட்டைத் தொடங்கினால் அரை நிமிடம் அப்படித்தான் ஓடும். பிறகு திடீரென 2.8க்கு இறங்கும், சில வேளைகளில் அதற்கும் கீழே. திரையில் காட்சி தட்டுத் தடுமாறும். அந்த நேரத்தில் செயலியின் வெப்பநிலை 78 பாகை. இந்தச் செயலி வெப்பத்துக்காகத் தன்னைக் குறைத்துக்கொள்ளும் எல்லையோ 100 பாகை.

பழுதுபார்க்கும் கடையில் இதைச் சொன்னபோது விசிறியைத் துடைத்து, செயலியின் வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றித் தந்தார்கள். இன்னொரு கடையிலும் அதையே செய்தார்கள். எந்த நோய்க்கும் ஒரே கஷாயம். வெப்பநிலை சற்றுக் குறைந்தது உண்மை. வேகம் விழுவது மட்டும் முன்பு விழுந்த இடத்திலேயே விழுந்தது. டர்பனின் பிப்ரவரிப் புழுக்கத்தில் எப்படி இருந்ததோ, வேலை மாறி ஜோகன்னஸ்பர்க் வந்த பின் ஜூலை மாதக் குளிர் இரவிலும் அப்படியே இருந்தது. ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்குக் காற்றின் அடர்த்தி டர்பனைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் வெப்பத்தை அள்ளிச் செல்லும் காற்று குறைவு. ஒரே அறை வெப்பத்தில் இங்கே செயலி சில பாகை அதிகமாகச் சுடுவதை நானே பார்த்திருக்கிறேன். வெப்பம்தான் காரணமாக இருந்தால் ஊரும் பருவமும் மாறும்போது வேகமும் மாறியிருக்க வேண்டும். அது மாறவில்லை.

ஆகவே வெப்பமானியை விட்டுவிட்டு, திராட்டில்ஸ்டாப் மென்பொருளின் 'லிமிட்ஸ்' சாளரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு விளையாட வேண்டும். செயலி எதனால் தடுக்கப்படுகிறது என்பதை அது பெயரிட்டுக் காட்டும். இந்தக் கணம் தடுப்பது சிவப்பில், சற்று முன்னர் தடுத்தது மஞ்சளில். என் கணினியில் 'தெர்மல்' என்ற கட்டம் நிறம் மாறவே இல்லை. மாறியவை இரண்டு: பி.எல்.1, ஈ.டி.பி. அதர்.

முதலாவது எளிது. செயலிக்கு இரண்டு மின்திறன் வரம்புகள் உண்டு. குறுகிய நேரத்துக்கு அனுமதிக்கப்படுவது பி.எல்.2, அந்த நேரம் கழிந்ததும் நிலைக்க வேண்டியது பி.எல்.1. மடிக்கணினிகளில் அந்த நேரம் பெரும்பாலும் 28 வினாடி. எனக்குக் கிடைத்த அரை நிமிட மகிழ்ச்சியின் கணக்கு இதுதான். திராட்டில்ஸ்டாப்பில் பி.எல்.1ஐ உயர்த்தியும் பயன் தெரியாவிட்டால், வரம்பு இன்னோரிடத்திலும் எழுதப்பட்டிருக்கிறது என்று பொருள், எம்.எம்.ஐ.ஓ. எனப்படும் அந்த இரண்டாம் பதிவில் கணினியின் கட்டுப்பாட்டுச் சில்லு தன் விருப்பத்துக்கு எண்ணைக் குறைத்துக்கொண்டே இருக்கும், இரண்டில் சிறியது எதுவோ அதுவே செல்லும். அதைப் பூட்ட அதே மென்பொருளில் ஒரு கட்டம் இருக்கிறது. பூட்டிய பின் பி.எல்.1 தொல்லை தீர்ந்தது.

ஈ.டி.பி. வேறு வகை. இங்கே தடுக்கப்படுவது மின்திறன் அன்று, மின்னோட்டம். 45 வாட்டு என்பது 1 வோல்ட்டில் 45 ஆம்பியர். அடிப்படை வேகத்தைத் தாண்டி ஓடும் டர்போ வேகத்தில் 80 வாட்டு இழுக்கும்போது 1.1 வோல்ட்டாக இருந்தால் அது 73 ஆம்பியரை நெருங்கும். இவ்வளவு மின்னோட்டத்தைச் செயலிக்கு ஊட்டுபவை தாய்ப்பலகையில் அதன் அருகே இருக்கும் மின்னழுத்தச் சீராக்கிகள். அவற்றைச் சிக்கனமாக வைத்த தயாரிப்பாளர், அவை தாங்கும் அளவுக்கு ஐசிசி மேக்ஸ் என்ற உச்ச மின்னோட்ட எண்ணையும் தாழ்த்தி வைப்பார் என்பது என் ஊகம். செயலி அந்த எண்ணைத் தொடப் போகிறது என்று கணித்தவுடனே வேகம் அறுபடும். தொடும் வரை காத்திருப்பதுகூட இல்லை. காவடித் திருவிழாக் காணொளிகளை நான் குறியாக்கம் செய்யும்போது இது விளையாட்டின்போதைவிட மோசமாக இருந்தது, ஏனென்றால் அந்த வேலையில் பயன்படும் ஏ.வி.எக்ஸ். என்ற கனமான கணக்குக் கட்டளைகள் கூடுதலான மின்னோட்டத்தைக் கேட்பவை. பலர் ஐசிசி மேக்ஸை மென்பொருள் அனுமதிக்கும் உச்சமான 255.75க்கு ஏற்றிவிடச் சொல்வார்கள். அந்த எண் தானாக ஒரு ஆம்பியரையும் தள்ளுவதில்லை, வேலியை மட்டும் அகற்றுகிறது. வேலிக்கு அப்பால் சீராக்கிகள் தாங்குமா என்பது வாங்கியவரின் பொறுப்பாகிவிடுகிறது. நான் அதைச் சற்றே உயர்த்தி, மின்னழுத்தத்தைக் குறைக்கும் வழியையே முதன்மையாகக் கொண்டேன்.

அந்த வழி அழகானது. செயலி செலவிடும் மின்திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தை ஒட்டி மாறுவதால், 1.1 வோல்ட்டை 1.0 ஆக்கினால் அதே வேகத்துக்கு ஏறக்குறைய 17 விழுக்காடு குறைவாகவே செலவாகும். மின்னோட்டமும் கூடவே இறங்கும். படிப்படியாகக் குறைத்து, நிலைகுலையும் இடத்துக்குச் சற்று மேலே நிறுத்தினேன். தடுமாற்றம் மறைந்தது, விசிறியின் ஓலம் தணிந்தது. ஒரு பைசா செலவில்லாமல் வேறொரு கணினி கிடைத்ததுபோல் இருந்த அந்த மாதங்களில் கேட்டிருந்தால் தம்பிக்கு இரண்டு வாங்கச் சொல்லியிருப்பேன்.

பிறகு வந்தது பயாஸ், அதாவது கணினியை இயக்கித் தொடங்கும் அடிப்படை மென்பொருளின் புதுப்பிப்பு. 2019 டிசம்பரில் பர்மிங்காம், லூவன், கிராட்ஸ் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 'பிளண்டர்வோல்ட்' என்ற தாக்குதலை வெளியிட்டார்கள். மின்னழுத்தத்தைக் குறைக்கும் இதே வாசல் வழியாக, செயலியின் எஸ்.ஜி.எக்ஸ். பாதுகாப்புப் பகுதியில் பிழைகளை உண்டாக்கி இரகசியங்களைக் கறக்க முடியும் என்று காட்டினார்கள். ஆய்வு சிறப்பானது, அந்த வாசலைப் பூட்டும் திருத்தமும் தேவையானதே. ஆனால் அந்தத் தாக்குதலுக்கு முதலில் கணினியின் நிர்வாகி உரிமை வேண்டும். வீட்டில் விளையாடுகிறவர் எஸ்.ஜி.எக்ஸை நாடுவதோ அல்ட்ரா எச்.டி. புளூ-ரே வட்டு பார்க்கும்போது மட்டுமே. வேறு சில தயாரிப்பாளர்கள் பூட்டுவதா வேண்டாமா என்ற தேர்வைப் பயாசிலேயே வைத்தார்கள். என் கணினியைச் செய்தவர்கள் கேட்காமல் பூட்டினார்கள், பழைய பயாசுக்குத் திரும்பும் பாதையையும் அடைத்தார்கள். ஐசிசி மேக்ஸும் அதே பூட்டுக்குள் போய்விட்டது. நான் பணம் கொடுத்து வாங்கிய பொருளின் வேகம், வாங்கிய பின் ஒரு இரவில் குறைக்கப்பட்டது என்பதை வேறு எப்படி நாகரிகமாகச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

எஞ்சியிருக்கும் வழி, டர்போ விகிதத்தை 40இலிருந்து 36க்கு, அதாவது 4.0 கிகாஹெர்ட்ஸிலிருந்து 3.6க்கு, நாமே இறக்கிவிடுவது. உச்ச வேகம் போய்விடும். ஆனால் குறைந்த வேகத்துக்குக் குறைந்த மின்னழுத்தமே போதுமாகையால் ஈ.டி.பி. வரம்பு தொடப்படுவதில்லை, 3.6இல் சீராக ஓடுகிறது. விளையாடும்போது 4.0க்கும் 2.8க்கும் இடையே ஊசலாடுவதைவிட இது எவ்வளவோ மேல். விண்டோசில் செயலியின் உச்ச நிலையை 99 விழுக்காடாக்கச் சொல்லும் அறிவுரையைப் பின்பற்ற வேண்டாம். அது டர்போவையே அணைத்து 2.6இல் உட்கார வைத்துவிடும்.

லோட் ஷெடிங் எனப்படும் முறைவைத்த மின்வெட்டு பற்றியும் தம்பி கேட்டிருக்கிறான். 2023இல் ஆண்டின் பெரும்பகுதி நாள்களில் மின்வெட்டு இருந்தபோது, மின்சாரம் திரும்பிய சில வேளைகளில் இந்தக் கணினி 800 மெகாஹெர்ட்சில் சிக்கிக்கொள்ளும். அது பி.டி. புரோசாட்: செயலிக்கு வெளியே உள்ள ஏதோ ஒரு பாகம் அபாயக் குறி எழுப்புவதால் வருவது. என் கணினியில் அடாப்டரைச் சரியாக இனங்காணாததுதான் காரணம். பிடுங்கி மீண்டும் செருகினால் சரியாகும்.

மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. விசைப்பலகை இன்றும் புதிதுபோல் இருக்கிறது, கீல்கள் தளரவில்லை, திரை கண்ணுக்கு இதமானது, இந்தக் கட்டுரையையும் இதில்தான் தட்டச்சு செய்கிறேன். ஆயினும் வாங்க வேண்டாம் என்பதே என் பதில். கேட்காமல் வாங்கப் போகிறான் என்றால், பணம் தருவதற்கு முன் திராட்டில்ஸ்டாப்பை ஒரு யு.எஸ்.பி. குச்சியில் கொண்டுபோய் மின்னழுத்தச் சாளரத்தைத் திறந்து பார்க்கட்டும். 'லாக்டு' (பூட்டப்பட்டது) என்று இருந்தால் அங்கேயே எழுந்துவிட வேண்டும். தனிநபரிடம் வாங்கும் பழைய பொருளுக்குத் தென்னாப்பிரிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் ஆறு மாத உத்தரவாதம் கிடையாது. பூட்டு இல்லாத ஒன்று கிடைத்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன், ஏனெனில் அடுத்த தானியங்கிப் புதுப்பிப்பு அதையும் பூட்டிவிடும்.