புரோட்டானா, எலெக்ட்ரானா? ஒரே காமா வெளிச்சத்துக்கு இரண்டு கணக்கு

விருச்சிக மண்டலத்தில், சுமார் 3,000 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிறது ஆர்எக்ஸ் ஜே1713.7-3946 என்ற சூப்பர்நோவா எச்சம், அதாவது வெடித்துச் சிதறிய நட்சத்திரத்தின் மிச்சம். 393-ஆம் ஆண்டில் சீனர்கள் குறித்துவைத்த 'விருந்தாளி நட்சத்திரத்தின்' மிச்சம் இதுதான் என்று சொல்பவர்கள் உண்டு. நமீபியாவில் இருக்கும் ஹெஸ் தொலைநோக்கிகள் இதன் ஓடு போன்ற வடிவத்தை டெரா எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள காமா கதிரில் படம்பிடித்து, 2004-இல் வெளியிட்டன. சரி, அந்தக் கதிரைக் கிளப்புவது யார், வேகமெடுத்த எலெக்ட்ரான்களா, புரோட்டான்களா?

எலெக்ட்ரான் மாதிரியில் செலவு குறைவு. வெடிப்பின் அதிர்ச்சி அலையை முன்னும் பின்னும் கடந்து கடந்து வேகமெடுத்த எலெக்ட்ரான்கள், எங்கும் நிறைந்த நுண்ணலைப் பின்னணி ஒளித்துகள்களை இடித்துக் காமா கதிராக்கிவிடும். அதே எலெக்ட்ரான்கள்தான் காந்தப்புலத்தில் சுழன்று எக்ஸ் கதிரும் தருகின்றன. இரண்டின் விகிதத்திலிருந்தே காந்தப்புலம் 10 மைக்ரோகாஸ் (காஸ் என்பது புலத்தின் அலகு) அளவு என்று வந்துவிடும். 2011-இல் ஃபெர்மி காமா கதிர் செயற்கைக்கோள் அளந்த நிறமாலைச் சாய்வும் (ஆற்றல் கூடக்கூடக் கதிர் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்ற எண்), சுமார் 1.5, இதற்கு அப்படியே பொருந்தியது.

புரோட்டானுக்கோ மோத வாயு வேண்டும். மோதினால் மின்னூட்டமில்லாத பையான் என்ற குறுகிய ஆயுள் துகளும் பிறக்கும், அது உடனே இரண்டு காமா கதிராக உடையும். ஆனால் அவ்வளவு வாயு இருந்தால் அலை அதைச் சுடவைத்து, எக்ஸ் கதிர் நிறமாலையில் தனிமக் கோடுகள் பளிச்சென்று தெரிய வேண்டுமே! இங்கே தெரிவது கிட்டத்தட்ட முழுக்க சிங்க்ரோட்ரான் வெளிச்சம், அதாவது காந்தப்புலத்தில் சுழலும் எலெக்ட்ரான்கள் தரும், கோடில்லாத வெளிச்சம்.

இதற்குப் புரோட்டான் தரப்பு சொல்லும் பதில் எனக்குப் பிடித்தது. வாயு சீராகப் பரவியில்லை, கட்டி கட்டியாகக் கிடக்கிறது என்கிறார்கள். அடர்ந்த கட்டிக்குள் அலை தளர்ந்துவிடுவதால் கட்டி சூடேறாது, கோடும் வராது. அதிவேகப் புரோட்டான்கள் மட்டும் உள்ளே புகும், மெதுவானவை வெளியிலேயே நின்றுவிடும். அப்போது சாய்வும் தானாக 1.5 பக்கம் போகிறது! போதாததற்கு, ஓட்டின் சில எக்ஸ் கதிர்ப் புள்ளிகள் ஓராண்டுக்குள் மினுக்கி அடங்கியதை 2007-இல் காட்டினார்கள். அதற்குப் புலம் மில்லிகாஸ் அளவு வேண்டும், முன்பு சொன்ன 10 மைக்ரோகாஸைப் போல நூறு மடங்கு. ஓடு முழுக்க அப்படியென்றால் எக்ஸ் கதிருக்குக் கொஞ்சம் எலெக்ட்ரானே போதும், அது காமா கதிருக்குப் பற்றாது, எலெக்ட்ரான் கணக்கு படுத்துவிடும். சின்னச் சின்ன முடிச்சுகளில் மட்டும்தான் என்றால் தப்பிக்கும்.

வளைகோடு பொருந்துவதை வைத்து மட்டும் இதில் தீர்ப்பு எழுத நான் தயாரில்லை. வாயு வரைபடத்தையும் எக்ஸ் கதிர்ப் படத்தையும் காமா படத்தோடு ஒப்பிட்டு, 2021-இல் ஒரு ஜப்பானியக் குழு புரோட்டானுக்கு 67 சதவீதம், எலெக்ட்ரானுக்கு 33 என்று பங்கு பிரித்தது. அந்த வழிதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. எலெக்ட்ரான் கட்சியே ஜெயித்தாலும் அங்கே புரோட்டான் இல்லை என்று ஆகாது. இடிக்க வாயு கிடைக்காமல் வெளிச்சமில்லாமல் திரியலாம்.

ஐசி 443, டபிள்யூ44 என்ற வேறு இரண்டு சூப்பர்நோவா எச்சங்களிலும் இந்தச் சண்டை பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. 200 மெகா எலெக்ட்ரான்வோல்ட்டுக்குக் கீழே நிறமாலை சரியும் பையான் அடையாளத்தை 2013-இல் ஃபெர்மி காட்டியது. ஆனால் அவை வயதான எச்சங்கள், அலை தளர்ந்துபோனவை.