ஆறு கீ, ஏழு திருகாணி: பழைய டிசைன் கிற்றார் கீயைக் கல்லடிக் காற்றில் பாவித்த அனுபவம்

அக்கரைப்பற்றில் இருக்கிற மருமகன் போன கிழமை கோல் எடுத்தான். "மாமா, உங்கட கிற்றார்ல இருக்கிற மாதிரி பழைய டிசைன் கீ செட் ஒண்டு விலை இறங்கியிருக்கு. என்ட கிற்றாருக்கு வாங்கிப் போடட்டா? சுதி நிக்குமா?" போனில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அவனைப் போலவே கேட்கிற பிள்ளைகள் இன்னும் இருப்பார்கள் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

கீ என்றால் கிற்றார்த் தலையில் இருந்து கம்பியை இறுக்கித் தளர்த்திச் சுதி சேர்க்கிற திருகு. எந்தக் கீயைப் பற்றிப் பேசுகிறேன் என்பது கிற்றார் வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். தகர மூடி போட்ட, நீள்வட்டத் தலையுள்ள சின்னக் கீ. 1925இல் சிக்காகோவில் தொடங்கிய குளூசன் கொம்பனியின் அச்சு. 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற எலக்ட்ரிக் கிற்றார் வந்தபோது அதன் தலையில் வரிசையாக நின்றது இதுதான். அந்தக் கொம்பனி 1980களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. பிறகு அதே பெயரை வேறு கைகள் எடுத்து நடத்துகின்றன. என்னிடம் இருப்பது குளூசன் இல்லை, அந்த அச்சைப் பார்த்து வேறொருவர் செய்த செட். கோயில் பாட்டுக்குழுவிலும் கல்யாண வீடுகளிலும் என்னோடு அலைந்து பல மாரி கண்டுவிட்டது.

முதலில் இதில் எனக்குப் பிடித்ததைச் சொல்லிவிடுகிறேன். கம்பி சுற்றுகிற தண்டின் உச்சியில் ஒரு பிளவு, அதன் நடுவில் கீழே இறங்கும் ஒரு துளை. இவ்வளவுதான். சாதாரணக் கீயில் கம்பியைப் பக்கத்துத் துளையால் கோர்த்து மறுபக்கம் இழுக்கிறோம். எவ்வளவு ஒட்ட வெட்டினாலும் ஒரு முனை நீட்டிக்கொண்டு நிற்கும். முதலாம் கம்பியின் தடிப்பு 0.25 மி.மீ. அது ஊசிதான். கிற்றாரை உறைக்குள் போடும்போது விரலில் ஏறும், பக்கத்தில் நிற்கிற பிள்ளையின் கையில் கீறும். பிளவுத் தண்டில் அந்த முனை துளைக்குள் நேரே இறங்கி மறைந்துவிடுகிறது. கையால் தடவிப் பாருங்கள், எங்கேயும் குத்தாது.

கம்பி மாற்றுவதும் அவ்வளவு சுகம். தன் தண்டைத் தாண்டி இரண்டு தண்டு தூரம் வரை கம்பியை இழுத்துப் பிடித்து, அந்த இடத்தில் செங்குத்தாக மடித்து, பிறகு வெட்டவேண்டும். சுற்றுக் கம்பிகளை மடிக்காமல் வெட்டினால் மேல் சுற்று தளர்ந்து நாதம் செத்துப்போகலாம் என்பதால் இந்த ஒழுங்கை மாற்றுவதில்லை. வெட்டிய முனையைத் துளைக்குள் விட்டு, பிளவின் வழியே வெளியே மடித்துச் சுற்றினால் இரண்டு மூன்று சுற்று ஒன்றின்கீழ் ஒன்றாக ஒழுங்காக இறங்கும். பாட்டுக்கு நடுவே கம்பி அறுந்து, பாதர் பிரசங்கம் முடிப்பதற்குள் புதுக்கம்பி போட்டு எழும்பியிருக்கிறேன். சாதாரணத் தண்டில் அந்த வேகம் எனக்கு வராது. இதைக் கண்டுபிடித்தவர் கம்பி மாற்றுகிறவனின் விரலை நினைத்துத்தான் செய்திருக்கவேண்டும்.

இனி "சுதி நிக்குமா" என்ற கேள்வி. இதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது, மருமகன் மேல் இல்லை, அவனுக்கு அப்படிச் சொல்லிக் கொடுக்கிறவர்கள் மேல். கிற்றார் சுதி இறங்கினால் உடனே கீயைத்தான் பழிக்கிறார்கள். கீக்குள்ளே என்ன இருக்கிறது? கைப்பிடியின் தண்டில் புரி வெட்டியிருக்கும். அந்தப் புரி ஒரு பற்சில்லைச் சுழற்றும். பழைய டிசைனில் கைப்பிடியை 15 தரம் சுற்றினால்தான் கம்பித் தண்டு ஒரு தரம் சுற்றும். புரி சில்லைச் சுழற்றும், சில்லு புரியைச் சுழற்றாது. ஒரு சாதாரண செட்டின் ஆறு கம்பியும் சேர்ந்து ஏறக்குறைய 47 கிலோ பாரத்தில் இழுக்கின்றன. அந்த இழுவைக்கும் நல்ல கீ தானாகப் பின்னால் அவிழாது.

சுதி போவது பெரும்பாலும் வேறு இடத்தில். கழுத்தின் நுனியில் கம்பிகளைத் தாங்குகிற வெள்ளைப் பட்டைக்கு நட் என்று பெயர், அந்த நட்டின் வெட்டுக்குள் கம்பி இறுகி நிற்கும். கீயைத் திருப்பத் திருப்ப ஒன்றும் அசையாமல் இருந்து, பிறகு 'டிங்' என்று ஒரேயடியாகப் பாயும். ஜி கம்பியில் இது அதிகம். அந்த வெட்டுக்குள் பென்சில் கரியைத் தேய்த்துவிடுங்கள், பாதிக் குறை அங்கேயே தீரும். மற்றது, சுரம் மேலே போய்விட்டால் அப்படியே இறக்கி நிறுத்தக்கூடாது. தேவையான சுரத்துக்குக் கீழே கொண்டுபோய், அங்கிருந்து ஏற்றி நிறுத்தவேண்டும். பல்லுக்கும் புரிக்கும் இடையில் எந்தக் கீயிலும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். ஏற்றி நிறுத்தினால் அந்த ஆட்டம் இழுவையிலேயே அடங்கிவிடும்.

ஆகவே சுதி விஷயத்தில் என் செட்டின்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. என்னை வதைத்தது இந்த ஏழு திருகாணி.

ஆறு கீக்கும் ஆறு திருகாணியுமில்லை, பன்னிரண்டுமில்லை. பக்கத்துப் பக்கத்துக் கீகள் ஒட்டி நிற்பதால், இடையில் இருக்கிற ஒவ்வொரு திருகாணியும் இரண்டு கீயின் விளிம்பை ஒன்றாகப் பிடிக்கிறது. பார்க்க அழகு. ஆனால் ஒன்று தளர்ந்தால் இரண்டு கீ ஆடும். தண்டு வெளியே வருகிற துளையில் இருக்கிற வளையமும் அப்படித்தான். நவீன கீயில் அது மேலிருந்து மரையாக இறுகும். இதில் வெறுமனே மரத்துக்குள் அமுக்கிவிடுவார்கள், மரத்தின் பிடியைத் தவிர வேறு பிடி இல்லை.

எங்கள் கல்லடி இருக்கிற மட்டக்களப்பு, மரத்தைச் சும்மா விடுகிற ஊர் இல்லை. மாரியில் வாடைக்காற்றோடு எல்லாம் ஊறி ஊதும். கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் கதவுச் சட்டமே சுருங்கி இடைவெளி விடும். ஊதிச் சுருங்கி, ஊதிச் சுருங்கி, கிற்றார்த் தலையில் வளையத்தின் பிடி மெல்ல மெல்லக் கழன்றது. நத்தார்ப் பாட்டுப் பயிற்சியில் மூன்றாம் கம்பியில் ஏ சுரம் மீட்டும்போதெல்லாம் எங்கேயோ ஒரு சில்லிட்ட ரீங்காரம். பிரெட்டைப் பார்த்தேன், பிரிட்ஜைப் பார்த்தேன், பிக்கப் ஸ்பிரிங்கைக்கூடப் பார்த்தேன். கடைசியில் பி கீயின் வளையத்தில் விரலை வைத்து அழுத்தியதும் சத்தம் நின்றது. நான் மீட்டாத கம்பியின் வளையம், ஏ சுரத்துக்குக் கூடச் சேர்ந்து அதிர்ந்திருக்கிறது. எல்லாரும் மௌனமாக இருக்கிற நேரத்தில் ஒற்றைக் கிற்றாரோடு பாட்டுத் தொடங்கவேண்டிய குழுவுக்கு அந்த ரீங்காரம் எவ்வளவு பெரிய தொல்லை என்று வாசிக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

வளையத்தைச் சுற்றி மெல்லிய தாள் ஒரு சுற்றுச் சுற்றி, அடிக்காமல் கவ்வியால் அமுக்கி இறக்கியதும் அது அடங்கியது. அடுத்த கச்சானுக்குப் பக்கத்து வளையம் தொடங்கியது. திருகாணித் துளை பெருத்ததற்கு எங்கள் தெரு ஓடாவியார்தான் வழி காட்டினார். ஈர்க்கில் குத்தி ஒட்டலாம் என்று நான் எடுத்துக்கொண்டு போனேன். "ஈர்க்கில் நசிஞ்சு போகும், தேக்குச் சீவல் தாறன்" என்று நெருப்புக்குச்சி அளவில் சீவித் தந்தார். வெள்ளைப் பசை தொட்டு இறக்கி, ஒரு இரவு காயவிட்டு, திருகாணியின் புரியில் மெழுகுதிரியைத் தேய்த்து இறுக்கினேன். மெழுகு இல்லாமல் இறுக்கவேண்டாம். இந்தச் சின்னத் திருகாணிகள் கடினமான மரத்துக்குள் முறிந்தால் எடுப்பது பெரும் பாடு.

உப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. பழைய டிசைனுக்குப் பெரும்பாலும் நிக்கல் பூச்சுத்தான் போடுவார்கள். குரோம் போல மினுங்கி நிற்காது, மங்கிப் பால்நிறமாகும். அந்த மங்கல் எனக்குப் பிடிக்கும். ஆனால் என் செட்டில் மூடியின் விளிம்புகளில் பூச்சு எழும்பிக் கறள் பிடித்துவிட்டது. அது மங்கல் இல்லை, மட்டமான வேலை. மூடியை மடித்து நெரித்திருப்பதால் உள்ளே பார்க்கவும் முடியாது. முதுகில் இருக்கிற பொட்டுத் துளையால் தையல் மெசின் எண்ணெய் ஒரே ஒரு துளி விடுகிறேன், கூடினால் மரத்துக்குள் இறங்கும். கைப்பிடி நறநறவென்று திரும்பினால்தான் உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியும். என்னுடையது இன்னும் வழுவழுப்பாகத்தான் திரும்புகிறது. மூடியை இவ்வளவு மோசமாகச் செய்தவர்கள் பல்லை இவ்வளவு ஒழுங்காக வெட்டியிருக்கிறார்கள், அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

முழுதாக மூடி வார்த்த கீ, குரோவர் ரோட்டோமாட்டிக் வகை, நம் ஊர்க் காற்றுக்கு நல்லது. உள்ளே கிறீஸ் அடைத்திருக்கும், மேலே மரை இறுகும். பாரம் கூட, கழுத்து கீழே சாய்ந்து தொங்கும், அது வேறு விஷயம். ஆனால் அதற்குக் கிற்றார்த் தலையில் 10 மி.மீ. துளை வேண்டும். பழைய டிசைனுக்கு ஏறத்தாழ 8.7 மி.மீ. பழைய துளையைப் பெருப்பித்தால் திரும்பச் சிறுக்க வைக்க முடியாது. பெரிய துளையில் பழைய டிசைனைப் போட மாற்று வளையம் விற்கிறார்கள், அதுவும் அமுக்கிவிடுகிற வளையந்தான். என் ஏ சுரத்தின் ரீங்காரம் அப்படியே அங்கேயும் குடிவரும்.

மருமகனின் கிற்றாரில் இருப்பது 10 மி.மீ. துளை, வேலை செய்கிற மூடிய கீ. அதனால் வாங்கவேண்டாம். விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம். கிழக்கில் கடலோரம் இருந்துகொண்டு வாரா வாரம் வாசிக்கிறவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்கமாட்டேன். பழைய துளையோடு இருக்கிற கிற்றாருக்குக் கட்டாயம் மாற்றவேண்டுமென்றால், பெயரில்லாத செட்டை விட்டுவிட்டு கோட்டோவோ குளூசனோ பார்த்து எடுங்கள்.

என் செட்டை மட்டும் நான் கழற்றப்போவதில்லை. அந்தப் பிளவுத் தண்டுக்காக மூடியின் கறளையும் ஏழு திருகாணியையும் பொறுத்துக்கொள்வேன். ஓடாவியாரிடம் இன்னும் கொஞ்சம் தேக்குச் சீவல் கேட்டு வைத்திருக்கிறேன், மாரிக்கு முன்னம் டி கீக்கும் ஜி கீக்கும் இடையில் இருக்கிறதைப் பார்க்கவேண்டும்.