ஹப்பில் கோளாறு இருக்க, மதர்போர்டை மாற்றச் சொல்வார்கள். உஷார்!

லேப்டாப்போடு யூஎஸ்பி ஹப் (ஒரே போர்ட்டைப் பல போர்ட்டாக்கும் சின்னப் பெட்டி) வைத்து வேலை செய்கிறவர்கள் இதைப் படித்துவிடுங்கள்.

ஃபைல் காப்பி ஆகிக்கொண்டிருக்கும்போதே, என் ஹப்பில் செருகிய எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் காணாமல் போகும். கூடவே கீபோர்டும் செத்து, சில நொடியில் உயிர் வரும். வயர்லெஸ் மவுஸ் திக்கித் திக்கி நகரும். எல்லாவற்றையும் எழுதி, ஹப், டிஸ்க் சகிதம் சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். “யூஎஸ்பி கன்ட்ரோலர் போயிருச்சு சார், மதர்போர்டு மாத்தணும்” என்றார்கள். டிஸ்கை நேராக லேப்டாப்பில் செருகிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். “அதெல்லாம் பாத்தாச்சு.” ஆனால் நான் கொடுத்த பை, போட்ட ஜிப் போட்டபடியே மேஜையில் கிடந்தது!

லேப்டாப்பை வாங்கிக்கொண்டு வந்து, ஹப்பைக் கழற்றிவிட்டு டிஸ்கை நேராகச் செருகினேன். மொத்த பேக்கப்பும் ஒரு தடங்கல் இல்லாமல் முடிந்தது. இதைச் செய்துபார்க்க ஒரு டெக்னீஷியனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

அடுத்து ஹப்பைப் பார்த்தேன். நான்கு போர்ட்டும் யூஎஸ்பி 3.0 என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்திருந்தது, நான்கிலும் நீல பிளாஸ்டிக். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள்: உண்மையான 3.0 போர்ட்டில் மொத்தம் 9 உலோகத் தகடுகள் இருக்கும், 2.0 என்றால் 4 மட்டும்தான். என் ஹப்பில் ஒரே ஒரு போர்ட்டில்தான் 9 இருந்தது. மற்ற மூன்றும் நீலம் பூசிய 2.0. நொடிக்கு 5 ஜிகாபிட் என்று காசு வாங்கிவிட்டு 480 மெகாபிட்டைக் கொடுத்திருக்கிறார்கள். பச்சை மோசடி இது.

அதைவிடப் பெரிய வில்லங்கம் பவரில். ஹப்பின் பக்கவாட்டில் அடாப்டர் செருக ஓட்டை இருக்கிறது, பெட்டியில் அடாப்டர் இல்லை. அடாப்டர் இல்லாவிட்டால் ஹப்பில் செருகிய அத்தனையும் லேப்டாப்பின் ஒரே போர்ட்டிலிருந்துதான் கரண்ட் எடுக்க வேண்டும். சாதாரண 3.0 போர்ட்டுக்கு வகுத்திருக்கும் அளவு 900 மில்லிஆம்பியர், 2.0 என்றால் 500. உள்ளே தட்டு சுழலும் ஹார்ட் டிஸ்க், சுழலத் தொடங்கும் நேரத்தில் கிட்டத்தட்ட அது முழுவதையும் தானே விழுங்கிவிடும். வோல்ட்டேஜ் இறங்கினால் ஹப்பே ரீசெட் ஆகும், அதில் தொங்குகிற கீபோர்டும் சேர்ந்து போகும். என் கீபோர்டு செத்துச் செத்துப் பிழைத்தது இதனால்தான்.

மவுஸ் கதை வேறு. யூஎஸ்பி 3.0-இல் டேட்டா ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளம்பும் என்று இன்டெல் 2012-லேயே ஆவணம் வெளியிட்டிருக்கிறது. டிஸ்குக்குப் பக்கத்துப் போர்ட்டில் மவுஸ் ரிசீவர் இருந்தால் திக்கத்தான் செய்யும். ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு ரிசீவரைத் தள்ளி வைத்ததும் சரியாகிவிட்டது.

விண்டோஸ் என்றால் டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப்பின் (இது லேப்டாப்புக்குள்ளேயே இருப்பது) பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தையும் பாருங்கள். மின்சாரம் மிச்சம் பிடிக்க அந்தக் கருவியை அணைக்க அனுமதிக்கும் டிக் அங்கே இருந்தால் எடுத்துவிட்டுச் சோதியுங்கள்.

ஹப் விற்றவர் “உங்க லேப்டாப்தான் பழசு” என்று சொல்லித் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். அடாப்டரோடு வரும் வேறு ஹப்புக்கு மாறிவிட்டேன். அதே டிஸ்க், அதே கீபோர்டு, அதே மதர்போர்டு, ஒரு தடவைகூடத் துண்டிப்பு இல்லை. உங்களிடமும் போர்டை மாற்றச் சொன்னால், எந்த போர்ட்டில் எதைச் செருகிச் சோதித்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கொடுக்க மறுத்தால் லேப்டாப்பை அங்கே விட்டுவிட்டு வராதீர்கள்.