பொட்டேட்டோ ரைசர் வாங்கலாமா? எட்டு மாசம் ஷெப்பர்ட்ஸ் பை செஞ்ச அனுபவம்

மொதல்லயே சொல்லிடறேன், வீட்ல ஷெப்பர்ட்ஸ் பையோ காட்டேஜ் பையோ மாசத்துக்கு ரெண்டு தடவையாவது செய்யறீங்கன்னா நல்ல ஸ்டீல் ரைசர் ஒண்ணு வாங்கிடுங்க, யோசிக்கவே வேண்டாம். ரைசர்னா வெந்த உருளக்கெழங்க ஓட்ட வழியா அழுத்திப் புழியற கருவி. எப்பவாச்சும் ஒருக்கா செய்யறவங்களுக்கு சாதாரண மத்தே போதும். ஏன் இவ்ளோ உறுதியா சொல்றேன்னா எட்டு மாசமா அநேகமா வாராவாரம் செஞ்சிருக்கேன், நடுவுல ஒரு மட்டமான ரைசர்ல காசும் போச்சு, கையும் சுட்டுச்சு.

நாங்க இருக்கறது இங்கிலாந்துல கோவென்ட்ரில. பையனுக்கு ஸ்கூல்ல மத்தியான சாப்பாட்டுக்கு காட்டேஜ் பை போட்டிருக்காங்க, அன்னிக்கு வீட்டுக்கு வந்தவன் ஒரு வாரம் அதையேதான் பேசினான், "அப்பா மேல உருளக்கெழங்கு, கீழ கறி, மேல இருக்கறது மட்டும் மொறுமொறுன்னு இருக்கும்ப்பா, வீட்ல செய்ப்பா"ன்னு. சரி சூப்பர்மார்க்கெட்ல ரெடிமேடா விக்குதேன்னு ஒண்ணு வாங்கி சூடு பண்ணிக் குடுத்தேன், ரெண்டு வாய் சாப்ட்டுட்டு தட்ட தள்ளி வச்சுட்டான். சரின்னு நானே கத்துக்கிட்டேன்.

தெரியாதவங்களுக்கு ஒரு வரி. பைன்னு பேரு இருக்கே ஒழிய மாவுல செஞ்ச மூடி கெடையாது, கொத்துக்கறிய கொழம்பா கெட்டியா வதக்கி அடில போட்டு, மேல உருளக்கெழங்கு மசியல பரப்பி ஓவன்ல வைக்கறதுதான். ஆட்டுக்கறின்னா ஷெப்பர்ட்ஸ், மாட்டுக்கறின்னா காட்டேஜ்னு இப்ப பிரிச்சு சொல்றாங்க. காட்டேஜ் பைங்கற பேரு 1791லயே எழுத்துல இருக்கு, ஷெப்பர்ட்ஸ் பைங்கற பேரு 19ம் நூற்றாண்டு நடுவுலதான் வருது. ஞாயித்துக்கெழம ரோஸ்ட்ல மிஞ்சின கறிய திங்கக்கெழம இப்படி செஞ்சு தீர்த்திருக்காங்க. எங்க வீட்ல மாட்டுக்கறி கெடையாது, அதனால ஹலால் கடைல ஆட்டுத் தோள்கறிய கண்ணு முன்னாடியே கொத்தி வாங்கிட்டு வந்து செய்யறேன்.

இதுல கறி பாகம் நமக்கு கஷ்டமே இல்ல, கொத்துக்கறி வதக்கத் தெரியாத வீடா நம்ம வீடு. மேல போடற உருளக்கெழங்குலதான் எல்லாமே இருக்கு. மொத தடவ மத்தால மசிச்சேன், கட்டி கட்டியா நின்னுச்சு. அடுத்த தடவ மிக்சில போட்டேன், அதை மட்டும் யாரும் பண்ணிடாதீங்க. பிளேடு வேகமா சுத்தறப்ப கெழங்கோட செல்லெல்லாம் கிழிஞ்சு உள்ள இருக்கற ஸ்டார்ச்சு வெளிய வந்துடுது, மைதா பசை கிண்டின மாதிரி கரண்டில இழுவுது, அப்பறம் எவ்ளோ வெண்ணெ போட்டாலும் சரியாகாது. ரைசர் கெழங்க அடிக்கறதும் இல்ல கிழிக்கறதும் இல்ல, ஒரே அழுத்தா அழுத்தி ஓட்ட வழியா தள்ளுது, அதனாலதான் பொலபொலன்னு வருது.

மொதல்ல ஆன்லைன்ல 9 பவுண்டுக்கு ஒரு அலுமினிய ரைசர் வாங்கினேன். பாத்திரம் கழுவற மெஷின்ல ஒரு தடவ போட்டதுக்கே கருத்துப்போச்சு, தொட்டா கைல சாம்பல் ஒட்டற மாதிரி. மூணாவது தடவ அழுத்தறப்ப ரெண்டு கைப்பிடியயும் சேக்கற ஆணி வளஞ்சு கழண்டு, கொதிக்கற கெழங்கு அப்படியே எங்கைல விழுந்துச்சு. வித்தவங்களுக்கு போட்டோவோட எழுதினேன், பயன்பாட்டுல வர்ற தேய்மானம், திருப்பி எடுத்துக்க முடியாதுன்னு பதில் வந்துச்சு. சுடுகெழங்க கைல வச்சு அழுத்தற சாமான மூணு தடவகூட தாங்காத மாதிரி செஞ்சு விக்கறது ரொம்பத் தப்புங்க, அன்னிக்கு பையன் பக்கத்துல நின்னிருந்தான்.

இப்ப வச்சிருக்கறது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 26 பவுண்டு, கடைல போய் கைல எடுத்துப் பாத்து வாங்கினேன். நீங்களும் முடிஞ்சா நேர்ல பாத்து வாங்குங்க. ஆணி தடியா இருக்கணும், கைப்பிடி நீளமா இருக்கணும், நீளம் கூடக் கூட அழுத்தறது லேசாயிடும். முனைல ஒரு கொக்கி மாதிரி இருந்து சட்டி விளிம்புல மாட்டி நிக்கணும், இல்லேன்னா முழு எடையும் நம்ம மணிக்கட்டுலதான் விழும். கூடை தனியா கழண்டு வர்றதா இருந்தா கழுவ நல்லது.

போன மாசம் எங்கம்மா ஊர்லருந்து வந்திருந்தாங்க, கோபிச்செட்டிபாளையம் பக்கம் எங்க ஊரு. நான் கெழங்க போட்டு அழுத்தறத பாத்ததும், "ஏங்கண்ணு, இது நம்ம சந்தகை மெசினாட்டமே இருக்குது, அளவுதான் சிறுசு"ன்னாங்க. சந்தகைன்னா எங்க பக்கம் இட்லிய புழிஞ்சு செய்யற சேவை. அப்பறம் நான் கெழங்க ஆற வச்சிருக்கறத பாத்துட்டு, "சூட்டோட புழிஞ்சரோணும் சாமி, ஆறிப்போச்சுன்னா கை நோவுதான் மிச்சம்"னாங்க. அதுதான் உண்மை, நான் அதுவரைக்கும் பத்து நிமிஷம் ஆறவிட்டு புழிஞ்சு தோள்பட்ட வலிக்குதுன்னு ரைசர கொற சொல்லிட்டிருந்தேன். சூடா இருக்கறப்ப மொத அழுத்துல ஒரு நொடி ஒண்ணும் வராது, அப்பறம் எல்லா ஓட்டைலயும் ஒண்ணா வெள்ளவெள்ளையா இழ எறங்கும், ஆவி மூக்குக்கண்ணாடில படியும், சட்டில விழறப்ப சத்தமே இருக்காது, குமிஞ்சு நிக்கும், வெரல் வச்சா பஞ்சு மாதிரி அமுங்கும். அந்த ஒரு காட்சிக்கே 26 பவுண்டு குடுக்கலாம்னு எனக்குத் தோணும்.

கெழங்கு வகைய பாத்து வாங்குங்க. மாரிஸ் பைப்பர் இல்லேன்னா கிங் எட்வர்ட், ரெண்டும் மாவுக்கெழங்கு. கிங் எட்வர்ட் 1902ல இருந்து இருக்கற பழைய ரகம், மாரிஸ் பைப்பர் கேம்பிரிட்ஜ் பக்கம் உருவாக்கி 1966ல வெளிவந்தது, எங்க பக்கம் எந்தக் கடைலயும் கெடைக்குது. ஷார்லட் மாதிரி சாலட் கெழங்கு வேண்டாம், அதுல மாவுத்தன்மை கம்மி, அமுங்கவும் மாட்டாது. 1 கிலோ கெழங்க பெருசு பெருசா வெட்டி, பச்சத்தண்ணில உப்புப் போட்டு அடுப்புல வச்சு, கொதி வந்தப்பறம் ஒரு 15, 20 நிமிஷம். வடிச்சதும் ஓட்டத்தட்டுலயே அஞ்சு நிமிஷம் ஆவி போகட்டும், ஈரம் இருந்தா மசியல் கொழகொழன்னு ஆயிடும். அவசரத்துக்கு தோலோட ரெண்டா வெட்டி வேக வச்சு அப்படியே ரைசர்ல போட்டாலும் தோல் உள்ளயே தங்கிடும், ஆனா ஒவ்வொரு அழுத்துக்கும் தோல எடுத்துப் போடணும். புழிஞ்சதுல மொதல்ல வெண்ணெ 60 கிராம், அப்பறம் சூடு பண்ணின பால் ஒரு 100 மில்லி, ஒரு மஞ்சக்கரு, உப்பு, வெள்ளமொளகு. கரண்டியால லேசா பிரட்டினா போதும், போட்டு அடிக்காதீங்க.

கறிக்கு அரைக்கிலோ கொத்துக்கறிய ரெண்டு தடவையா பிரிச்சு நல்லா காஞ்ச சட்டில போட்டு, கிண்டாம விட்டு சிவக்க விடுங்க, மொத்தமா போட்டா தண்ணி விட்டு வெந்துதான் போகும், சிவக்காது. அதை எடுத்துட்டு வெங்காயம் 2, கேரட் 2, செலரி ஒரு தண்டு, பூண்டு, பொறுமையா வதக்கி, தக்காளி பேஸ்ட் ஒரு ஸ்பூன், மைதா ஒரு ஸ்பூன், எலும்பு வேக வச்ச தண்ணி 350 மில்லி, தைம் இலை, லீ அண்ட் பெரின்ஸ் சாஸ் ரெண்டு ஸ்பூன். எடுத்து வச்ச கறியயும் திருப்பிப் போட்டு சின்னத் தீயில 40 நிமிஷம். அந்த சாஸ் பாட்டில மோந்து பாத்துட்டு அம்மா "இதுல புளி இருக்குது"ன்னு ஒடனே சொல்லிட்டாங்க, பாட்டில் பின்னாடி படிச்சா ஆமா, புளியும் நெத்திலியும் போட்டிருக்கு. 1837ல இருந்து வூஸ்டர் ஊர்ல செஞ்சு விக்கற சாஸு, அது இல்லாம இந்தக் கறிக்கு அந்த ருசி வராது. கரம் மசாலா மட்டும் வேண்டாம், நான் போட்டுப் பாத்தேன், கீமாவுக்கு மேல உருளக்கெழங்கு வச்ச மாதிரிதான் இருந்துச்சு, பையனும் ஸ்கூல்ல இருக்கற மாதிரி இல்லன்னான்.

கறி கெட்டியாவும் ஆறியும் இருக்கணும், இல்லேன்னா மசியல் உள்ள எறங்கிடும், கொழம்பு மேல வந்துடும். மசியல ஓரத்துலருந்து ஆரம்பிச்சு நடுவுக்கு பரப்புங்க. இங்கதான் ரைசரோட இன்னொரு பலன்: கடைசி ரெண்டு அழுத்துக்கான கெழங்க தனியா எடுத்து வச்சு, நேரா பை மேலயே புழிஞ்சு விட்டுடுவேன், கரண்டி வச்சு தடவாம. மேல உருக்கின வெண்ணெ, கொஞ்சம் உப்பு, கொஞ்சம் செடார் சீஸ். இழ இழயா நிக்கறதால ஓவன்ல அத்தனையும் முறுகும், முள்கரண்டியால கோடு போடறதவிட இது ரொம்ப நல்லா வருது. 200 டிகிரி, ஃபேன் ஓவன்னா 180, 25லருந்து 30 நிமிஷம், ஓரத்துல கொழம்பு கொப்பளிச்சா எடுத்துடலாம். பத்து நிமிஷம் பொறுத்துதான் வெட்டணும். பையன் இப்பல்லாம் மூலைத்துண்டு எனக்குத்தான்னு மொதல்லயே சொல்லி வச்சுடறான்.

கொறையும் சொல்லணும்ல. கழுவறத தள்ளிப்போட்டீங்கன்னா ஓட்டைல ஸ்டார்ச்சு காஞ்சு கல்லாயிடும், புழிஞ்ச கையோட சூடுதண்ணில காட்டிடுங்க, பழைய டூத் பிரஷ் ஒண்ணு அதுக்குன்னே வச்சுக்கோங்க. ஒரு தடவைக்கு ஒரு பெரிய கெழங்கு அளவுதான் கொள்ளும், 1 கிலோவுக்கு ஏழெட்டு தடவ அழுத்தணும், மணிக்கட்டு வலி இருக்கறவங்களுக்கு இது ஒத்து வராது. டிராயர்ல எடமும் நெறய அடைக்கும். இதெல்லாம் சேத்தும் 5க்கு 4.5 குடுப்பேன்.

அரை மார்க்க ஏன் கொறச்சேன்னா என்னோடதுல ஒரே ஒரு தட்டுதான், ஓட்ட பெருசு. அம்மா ஒரு சனிக்கெழம புழுங்கலரிசி அரச்சு இட்லியா ஊத்தி அதுலயே சந்தகை புழிஞ்சு பாத்தாங்க, வந்துச்சு, ஆனா இழ தடிமனா இருந்துச்சு, தேங்காப்பால்ல ஊறவும் நேரமாச்சு. சின்ன ஓட்ட தட்டும் சேத்து வர்ற மாடல் இருக்கு, புதுசா வாங்கறவங்க நாலஞ்சு பவுண்டு கூட ஆனாலும் அதையே வாங்குங்க.